கோவளமா, பூவாறா, மன்றோத்துருத்தா? முதல்முறை கயாக் ஓட்டப்போகும் ஒரு மதுரைக் குடும்பத்துக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அரையாண்டு விடுமுறையில் நான்கு நாள், மதுரையிலிருந்து ரயில், கோவளத்தில் அறை. உங்களுக்கு நீச்சல் சுமாராக வரும், தங்கச்சிக்கு, அதாவது உங்கள் மனைவிக்கு, சுத்தமாக வராது, பையனுக்கு ஒன்பது வயது. மூன்று பேரும் இதுவரை துடுப்பைத் தொட்டதில்லை. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை ஓட்டியே தீரவேண்டும் என்று பையன் பிடிவாதம். கோவளம் கடலிலா, பூவாற்றிலா, மன்றோத்துருத்திலா, எங்கே போவது?

நான் கொல்லங்கோட்டுக்காரன். எங்கள் ஊரை ஒட்டி நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர், அடுத்தது பூவாறு. தமிழ்நாடு எங்கே முடிந்து கேரளம் எங்கே தொடங்குகிறது என்பது எங்களுக்குப் பேருந்தின் நிறம் மாறும்போதுதான் நினைவுக்கு வரும். பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பக்கத்துக் காயல்களில், அதாவது உப்பங்கழிகளில், துடுப்புப் போடுகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: குடும்பத்தோடு என்றால் கொல்லத்துக்குப் பக்கத்திலுள்ள மன்றோத்துருத்து. அங்கே இடம் கிடைக்காவிட்டால் வர்க்கலைக்கு வடக்கே காப்பில் என்ற ஊரின் காயல். பூவாறு, விடிகாலையில் மட்டும். கோவளம் கடலுக்கு நீங்கள் மட்டும் போகலாம், அதுவும் கூட ஒரு ஆளோடு. தங்கச்சியும் பையனும் அன்று கரையில் இருக்கட்டும்.

இனி காரணம்.

பூவாற்றிலிருந்து ஆலப்புழை வரைக்கும் இந்தக் கரையின் அமைப்பைப் பாருங்கள். முன்னால் கடல், நடுவே ஒரு மணல் திட்டு, பின்னால் காயல். பல இடங்களில் அந்தத் திட்டு ஒரு சாலையின் அகலம்தான். ஒரே ஊரில், ஐந்து நிமிட நடையில், ஆளை உருட்டிப்போடும் அலையும் இருக்கிறது, இலை விழுந்தால் அசையாமல் கிடக்கும் தண்ணீரும் இருக்கிறது. ஆகவே ‘கடலோரச் சுற்றுலா’ என்றதும் கடலில்தான் துடுப்புப் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊரின் பெயரைத் தேடுவதற்கு முன்னால், நீங்கள் இறங்கும் நேரத்தில் அந்தத் தண்ணீரில் காற்று எப்படி இருக்கும், எஞ்சின் படகு எத்தனை ஓடும் என்று கேளுங்கள். எனக்கு இந்த இரண்டும்தான் கணக்கு. காட்சி எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும், தென்னைமரத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

காற்றை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது அதில்தான். முதல் வருடம், ஒரு மாசி மாதத்தில், என் மச்சானோடு அஷ்டமுடிக் காயலில் இறங்கினேன். பகல் பன்னிரண்டு மணி. காயலின் அகன்ற பகுதி, எதிர்க்கரையில் ஒரு தேவாலயம் தெரிந்தது, அதுவரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினோம். இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். எங்கள் கை பலம் என்றுதான் நினைத்தோம். திரும்பும்போதுதான் தெரிந்தது, எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மேற்கிலிருந்து வந்த கடல்காற்று. முகத்துக்கு நேரே அடித்தது. பத்துத் துடுப்புப் போட்டால் ஐந்து துடுப்புத் தூரம் பின்னால் தள்ளியது. ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் கக்கா (மட்டி) வாரிக்கொண்டிருந்த வள்ளக்காரர் ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கரைசேர்த்தார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிக வெட்கமாக இருந்தது.

காரணம் எளிது. வெயில் ஏறத் தரை சூடாகிறது, கடல் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. பத்து, பதினொரு மணிவாக்கில் கடலிலிருந்து காற்று கரைக்குக் கிளம்பி, மதியத்துக்குமேல் பலக்கும். இரவு முழுக்கத் தலைகீழ். விடியற்காலையில் கரைக்காற்று மெல்லக் கடலை நோக்கி வீசி ஓய்ந்துவிடும். டிசம்பரில் இங்கே பொழுது விடிவது ஆறரை. அதிலிருந்து ஒன்பதரை வரைதான் உங்கள் நேரம். கற்றுக்குட்டி ஒருவர் சமதண்ணீரில் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போவார். எதிரே காற்று வந்தால் அதில் பாதியும் போகமாட்டார். காற்று இருந்தே தீரும் என்றால், போகும்போது எதிர்காற்றில் போய், வரும்போது அதை முதுகுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் செய்தது நேர்மாறு.

இந்தக் காயலின் காற்றைப் பற்றிச் சொல்லும்போது பெருமண் பாலம் நினைவுக்கு வராமல் இருக்காது. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்துகொண்டிருந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் 1988 ஜூலை 8 அன்று அந்தப் பாலத்தில் தடம்புரண்டு அஷ்டமுடியில் விழுந்தது. 105 பேர் போனார்கள். சுழல்காற்று தள்ளிவிட்டது என்று ரயில்வே விசாரணை சொன்னது. அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதை நம்புவதில்லை. கொல்லத்திலிருந்து மன்றோத்துருத்துக்கு ரயிலில் போனால் நீங்களும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போவீர்கள்.

சரி, மன்றோத்துருத்து. கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் வந்து சேருமிடத்தில் வண்டல் படிந்து உண்டான சிறு தீவுகளின் கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் சிலகாலம் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. துருத்து என்றால் ஏதோ மலையாளச் சொல் என்று விட்டுவிடாதீர்கள். ஆற்றிடைக்குறையைத் துருத்தி என்று நம் பழைய தமிழும் சொல்லும். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்குத் திருத்துருத்தி என்று பெயர் இருந்ததும் அதனால்தான்.

உங்களுக்கு அது பொருந்துவதற்குக் காரணம், தீவுகளுக்கு நடுவே ஓடும் கைத்தோடுகள், அதாவது சிறு கால்வாய்கள். இரண்டு கயாக் பக்கத்தில் பக்கத்தில் போனால் துடுப்பு இடிக்கும், அவ்வளவு ஒடுக்கம். ஹவுஸ்போட் நுழைய முடியாது, ஸ்பீட் போட் வராது. இரண்டு பக்கமும் தென்னையும் கண்டல் (அலையாத்தி) மரமும் நிற்பதால் காற்று அடங்கிவிடும். பல இடத்தில் துடுப்பை நட்டால் சேறு தட்டும். பையன் பயந்தால் கையை நீட்டிக் கரையைப் பிடித்துக்கொள்ளலாம். கண்டல் மரங்கள் கவிந்து குகைபோல நிற்கும் இடங்கள் உண்டு, எல்லோரும் படம் எடுப்பது அங்கேதான். சூரியன் உதிக்கும்போது அகன்ற காயலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், வெயில் ஏறுவதற்குள் தோட்டுக்குள் திருப்பிக் கொண்டுவருவார்கள். அந்த வரிசை சரி. ‘பதினொரு மணிக்கு வாங்க, அப்பவும் போகலாம்’ என்று யாராவது சொன்னால், தோட்டுக்குள் மட்டும் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள்.

அங்கே பார்க்கவேண்டிய இன்னொன்று ஏற்ற இறக்கம். அவர்கள் வேலியேற்றம், வேலியிறக்கம் என்பார்கள். இந்தக் கரையில் கடல் ஏறி இறங்குவது மொத்தமே ஒரு மீட்டருக்குள்தான், குஜராத் பக்கம்போல ஆள் உயரம் கிடையாது. ஆனாலும் தோட்டின்மேல் தாழ்வாகப் போட்ட நடைபாலங்கள் இருக்கின்றன. ஏற்றத்தின்போது அவற்றின் அடியில் முதுகை முழுக்கச் சாய்த்துப் படுத்தபடி போகவேண்டும், இறக்கத்தின்போது சில தோடுகளில் கயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். எந்தத் தோட்டில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பது அந்த ஊர் ஆளுக்கு விரல்நுனியில் இருக்கும். வெளியூரிலிருந்து வந்து கடைபோட்டவருக்கு இருக்காது. அதனால் ஊர்க்காரர் யாரிடமாவது போங்கள். இன்னும் ஒன்று: அந்த ஊர் மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. தென்மலையில் அணை வந்தபிறகு கல்லடை ஆறு கொண்டுவரும் வண்டல் குறைந்துபோனதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடும்போது வீட்டு முற்றத்திலேயே உப்புத்தண்ணீர் நிற்கும். நீங்கள் துடுப்புப் போட்டுப் போவது அவர்கள் அடுக்களை வாசலை ஒட்டி. காலை ஆறரைக்குப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போகிற கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அஷ்டமுடியில் மட்டி வாருகிறவர்கள் அதிகம். அந்தத் தொழிலுக்கு 2014இல், வளம் அழியாமல் மீன்பிடிப்பதற்காகத் தரும் எம்எஸ்சி என்கிற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது, இந்தியாவில் ஒரு மீன்பிடிப்புக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. உங்களுக்கு அதனால் என்ன என்றால், அடியில் ஓடு கிடக்கும், வெறுங்காலோடு இறங்கினால் பிளேடு மாதிரி கிழிக்கும். பழைய கேன்வாஸ் ஷூ மூன்று ஜோடி கொண்டுவாருங்கள். ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுகொள்ளும். அகன்ற காயலில் மீன்பிடிக்காரர்கள் வலை கட்ட நட்ட ஊன்னிவலைக் குற்றிகளும் (கம்பங்களும்) உண்டு. சில தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நிற்கும், நேராக மோதினால் கயாக் சுழன்று கவிழும்.

காப்பில் காயலை ஏன் இரண்டாவதாக வைத்தேன்? தண்ணீர் அமைதி, இடம் அழகு, வர்க்கலையிலிருந்து பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இடவா நடயறாக் காயல், நடுவே சாலை. ஆனால் அகலமான காயல், மறைப்பு இல்லை. காற்று கிளம்பினால் ஒதுங்க இடமில்லை. காலை எட்டரைக்குள் முடித்துக்கொண்டால் பிரமாதம். பொழிமுகத்தின் பக்கம் மட்டும் போகவேண்டாம்.

பொழி என்பதை மதுரைக்காரருக்கு விளக்கவேண்டும். ஆறோ காயலோ கடலில் திறக்கும் வாய். மழை குறைந்த மாதங்களில் அலை மணலைக் குவித்து அதை மூடிவிடும். மழை வந்து உள்ளே தண்ணீர் பெருகினால் தானே உடைத்துக்கொண்டு போகும், சில இடங்களில் ஆட்களை வைத்து முறித்துவிடுவார்கள். முறிந்திருக்கும்போது, கடல் இறங்குகிற நேரம் பார்த்து, உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் அந்த ஒரு வாய் வழியாக வெளியேறும். மேலே கண்ணாடிபோலத் தெரியும். அடியில் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கும். அதில் அகப்பட்ட கயாக் நேரே அலை உடைகிற இடத்துக்குத்தான் போகும். அஞ்சுதெங்குக்குத் தெற்கே முதலப்பொழியில் துறைமுக வாயில் படகு கவிழ்ந்து எத்தனையோ மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் தேங்காய்ப்பட்டணம் வாயும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவர்களையே அது விடுவதில்லை. உள்ளே காயலில் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றுங்கள், பொழியிலிருந்து அரைக் கிலோமீட்டராவது தள்ளி.

பூவாறும் பொழிதான், நெய்யாறு கடலில் சேருமிடம். பொன்மணல் திட்டு, கண்டல் காடு, மிதக்கிற ஓட்டல்கள் என்று படங்களில் பார்த்து மயங்கியிருப்பீர்கள். பொய்யில்லை, இருக்கிறது. ஆனால் பகலில் அந்தக் கால்வாய்களில் ஓடும் சுற்றுலாப் படகுகளை எண்ணி முடியாது. ஒவ்வொரு எஞ்சின் படகும் ஒடுக்கமான தோட்டில் அலை எழுப்பிவிட்டுப் போகும், கற்றுக்குட்டிக்கு அது போதும் கவிழ. டிசம்பர் கடைசி வாரத்தில் சொல்லவே வேண்டாம். காலை ஆறரைக்கு இறங்கி எட்டரைக்கு ஏறிவிட்டால் மீன்கொத்தியும் நீர்க்காகமும் நீங்களும் மட்டும். எனக்கு வீட்டுப்பக்கத்துத் தண்ணீர், அதனால் கொஞ்சம் பாசம் உண்டு. இருந்தும் உங்களுக்கு முதல் இடமாக அதைச் சொல்ல மனம் வரவில்லை.

பூவாற்றிலிருந்து தெற்கே ஏவிஎம் கால்வாய் என்று ஒன்று போகிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். 1860இல், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைத்துவிடலாம் என்று தொடங்கினார்கள். முடியவில்லை. இப்போது எங்கள் பக்கம் பெரும்பகுதி தூர்ந்து, ஆகாயத்தாமரை மண்டி, சில இடத்தில் கால்வாய் இருந்த தடமே இல்லை. அது திறந்திருந்தால் நான் வீட்டுக்குப் பின்னால் கயாக்கை இறக்கி உங்களுக்கு வழிகாட்டியாகவே வந்திருப்பேன்.

இப்போது கோவளம். கடல் கயாக் என்பது வேறு விளையாட்டு. காயலில் கவிழ்ந்தால் எழுந்து நின்று சிரிக்கலாம். கடலில் முதலில் அலை உடையும் பகுதியைத் தாண்டவேண்டும், திரும்பும்போது அதே பகுதியில் பின்னாலிருந்து அலை வந்து கயாக்கைப் பக்கவாட்டில் திருப்பும். இருபது முப்பது கிலோ எடையுள்ள பிளாஸ்டிக், உள்ளே தண்ணீரும் சேர்ந்தால் கரையோரம் நிற்கிறவர் முழங்காலை உடைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக்கரையில் கடல் சாதுவாக இருக்கும், காலையில் குளம்போலவே தெரியும் நாள்களும் உண்டு. அப்போதும் ஒரு பொறி: கடலைச் சமமாக வைத்திருப்பதே கரைக்காற்றுதான், அது உங்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கரையில் நின்றால் தெரியாது. நானூறு மீட்டர் போய்த் திரும்பிப் பார்க்கும்போதுதான் கலங்கரை விளக்கம் சிறுத்திருக்கும். கூட ஒரு ஆள், கரைக்கு இணையாகவே ஓட்டுவது, உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி நட்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் ஒரு மணி நேரம் நீங்கள் போய்வரலாம்.

மே மாதத்துக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காயலுக்கு ஓரளவு சரி, கடலுக்கு வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே ‘கள்ளக்கடல்’ வரும். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்று கிளப்பிய நீண்ட அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேருகிறது. கள்ளனைப்போல வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோவும் அதே சொல்லை ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று எங்கள் குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான், எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, செய்தியிலும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றும் (தென்மேற்குப் பருவக்காற்று) மழையும், கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்குமேல் இடி மின்னல். டிசம்பரிலும் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் திட்டத்தை மாற்றத் தயங்காதீர்கள். 2017 நவம்பர் 30, ஓகி புயல். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை ஆள் இழக்காத ஊர் இல்லை. அதன்பிறகு வானிலை அறிவிப்பை நாங்கள் யாரும் லேசாகக் கேட்பதில்லை.

கயாக்கில் இரண்டு வகை. உள்ளே கால் நுழைத்து உட்காருவது ஒன்று, மேலே உட்காருவது ஒன்று. உங்களுக்கு மேலே உட்காருவதுதான். கவிழ்ந்தால் ஆள் தனியே, கயாக் தனியே, கால் மாட்டாது. அடியிலுள்ள துளைகள் வழியாகத் தண்ணீரும் தானே வடிந்துவிடும். இருவர் கயாக்கில் எடையும் பலமும் உள்ளவர் பின்னால், திருப்புவது பின்னாலிருந்துதான். பையன் உங்கள் முன்னால் உட்காரட்டும், தங்கச்சி வழிகாட்டியோடு போகட்டும். கணவன் மனைவி ஒரே கயாக்கில் முதல்முறை ஏறி ஒற்றுமையாக இறங்கியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

லைஃப் ஜாக்கெட்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். பையனுக்குப் பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டித் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டபிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தண்ணீரில் அவனை விட்டுவிட்டு மேலே மிதக்கும். பஞ்சு நசுங்கிச் சப்பையாகிப்போன ஜாக்கெட்டும் அப்படித்தான், அழுத்திப் பார்த்தால் தெரியும். கேரளத்தில் சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்கள் பதிவு செய்துகொள்ள அரசின் சங்கம் ஒன்று இருக்கிறது, பதிவு உண்டா என்று கேளுங்கள். அதைவிட எனக்குப் பிடித்த கேள்வி: ‘முதலில் எங்களைக் கரையோரத்தில் ஒருமுறை கவிழ்த்து ஏறப் பழக்குவீர்களா?’ முகம் சுளிக்காமல் சரி என்பவர் தொழில் தெரிந்தவர். சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்கும் பயணத்தை விற்பார்கள், முதல்முறைக்கு அது வேண்டாம். காற்று இருக்கும் நேரம், இருட்டிவிட்டால் பையனைத் தேடவும் முடியாது.

கோவளத்தில் அறை எடுத்துவிட்டு மன்றோத்துருத்துக்கு விடிகாலையில் வர வேண்டுமானால், நடுராத்திரி இரண்டரை, மூன்று மணிக்குக் கார் ஏறவேண்டும். ஆகவே நான்கு நாளை இரண்டாகப் பிரியுங்கள். மதுரையில் இரவு கிளம்பும் புனலூர் ரயில் காலையில் கொல்லம் வந்துவிடும். அங்கிருந்து கோட்டயம் வழிப் பாசஞ்சரில் ஏறினால் பெரிநாடு தாண்டி மன்றோத்துருத்து ஸ்டேஷன். முதல் இரண்டு இரவும் அங்கேயே வீட்டோடு சேர்ந்த தங்குமிடம் ஒன்றில். ஒரு காலை மழையோ காற்றோ கெடுத்தாலும் இன்னொரு காலை கையில் இருக்கும். பிறகு கோவளம். வர்க்கலைக்குப் போவதானால் டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை தவிர்த்துவிடுங்கள், சிவகிரி தீர்த்தாடனம், மஞ்சள் உடுத்தவர்களால் ஊரே நிறைந்திருக்கும், காப்பில் சாலையில் கார் நகராது. சபரிமலைக் கூட்டமும் அதே வாரம் என்பதால் ரயில் டிக்கெட்டை இன்றைக்கே பாருங்கள். இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரில் மூன்று பேருக்கு ஒன்றாகக் கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் இறங்கிப் பேருந்தில் வரலாம், மார்த்தாண்டம் வந்ததும் எனக்கு ஒரு சத்தம் கொடுங்கள். பையனுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் என் வீட்டில் ஒன்று கிடக்கிறது, என் மகன் வளர்ந்துவிட்டான்.